கனுப் பொங்கல் சொல்லும் நன்றிக் கடன்!



மார்கழி முடியப் போகிறது. பூசணிப் பூ வைத்த கோலம் இருந்த இடத்தில், இனி பொங்கல் பானைக் கோலம் வரப் போகிறது. 'பாட்டி, இந்தத் தடவை சேர்ந்தாப்பல நாலு நாள் லீவு!' என்று பேரப் பிள்ளைகள் போனிலேயே குதிக்கத் தொடங்கியாயிற்று. பரணில் இருக்கும் வெண்கலப் பானை கீழே இறங்க வேண்டும்; புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்க வேண்டும். வருஷம் முழுக்க இரண்டு பேர், மூன்று பேர் என்று இருக்கும் வீடு, நாலு நாளைக்கு நிறைந்து வழியப் போகிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

பொங்கல் என்றாலே நன்றி சொல்லும் பண்டிகைதான். தை முதல் நாள், சூரிய பகவான் மகர ராசிக்குள் நுழைகிறார். உத்தராயன புண்ணிய காலம் பிறக்கிறது. விளைச்சலுக்கு வெயில் கொடுத்த அவருக்கு, அந்த விளைச்சலிலேயே பொங்கி நிவேதனம் செய்கிறோம். மறுநாள், உழுத மாட்டுக்கும் பால் தந்த பசுவுக்கும் நன்றி. அதே நாள் அதிகாலையில், ஆரவாரம் இல்லாமல், பெண்கள் மட்டும் செய்யும் இன்னொரு நன்றி இருக்கிறது. அதுதான் கனு!

எழுபத்தைந்து பொங்கல்களைப் பார்த்துவிட்டவள் நான். சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்வது சுலபம். கூடப் பிறந்தவர்களுக்கு நன்றி சொல்வதுதான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, நம் பெரியவர்கள் அதற்கென்று தனியாக ஒரு நாளையே ஒதுக்கி வைத்தார்கள்.

கனு வைக்கும் முறை

இந்த வழக்கம் இல்லாத வீடுகளும் உண்டு. இருந்து மறந்துபோன வீடுகளும் உண்டு. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலன்று வடித்த சாதத்திலும், சர்க்கரைப் பொங்கலிலும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் விடிவதற்குள் எழுந்து, வெள்ளைச் சாதத்தின் ஒரு பங்கில் மஞ்சள் பொடி, ஒரு பங்கில் குங்குமம், ஒரு பங்கில் தயிர் கலந்துகொள்ள வேண்டும். மொட்டை மாடியிலோ, முற்றத்திலோ, ஆற்றங்கரையிலோ தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, கிழக்கு நோக்கி மஞ்சள் இலை பரப்ப வேண்டும். கிடைக்காவிட்டால் வாழை இலை. அதில் ஒவ்வொரு சாதத்தையும் சின்னச் சின்னப் பிடிகளாகப் பிடித்து, ஐந்தோ ஏழோ, அவரவர் வீட்டு வழக்கப்படி வரிசையாக வைக்க வேண்டும். பக்கத்தில் வெற்றிலை பாக்கு, பழம், கரும்புத் துண்டு. சூரியனுக்குத் தீபம் காட்டிவிட்டு, 'கூடப் பிறந்தவர்கள் குடும்பம் காக்கைக் கூட்டம் போல் கலையாமல் இருக்க வேண்டும்' என்று வேண்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்நானம். மத்தியானம் எலுமிச்சை, தேங்காய், புளியோதரை, தயிர்சாதம் என்று சித்ரான்னங்கள்.

பிடி வைக்கும் முன், முதல் நாள் பொங்கல் பானையில் கட்டிய பச்சை மஞ்சளை எடுத்து, வீட்டுப் பெரியவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அவர்கள் அதைக் கல்லில் இழைத்து, நெற்றியில் இட்டு ஆசீர்வதிப்பார்கள்.

ஏன் காக்கைக்கு வைக்கிறோம்? இல்லறத்தில் இருப்பவர்கள் தினமும் செய்ய வேண்டிய ஐந்து யக்ஞங்களில் பூத யக்ஞமும் ஒன்று. பறவைக்கும் பிராணிக்கும் அன்னம் இடுவதுதான் அது. அதிலும் காக்கையைப் பித்ருக்களின் வடிவமாகவே பார்க்கிறோம். வள்ளுவப் பெருந்தகையும், சொந்தங்களை அரவணைத்துப் போவதைப் பற்றிய அதிகாரத்தில் காக்கையைத்தான் உதாரணம் காட்டுகிறார். கிடைத்ததை மறைக்காமல், கரைந்து கூப்பிட்டுச் சாப்பிடுகிற ஜீவன் அல்லவா அது!

கனுவன்று பிறந்த வீட்டிலிருந்து சீர் வரும். பணம் எவ்வளவு என்பது கணக்கில்லை. 'உன்னை மறக்கவில்லை' என்ற செய்திதான் அதில் முக்கியம்.

கொள்ளிடக் கரையில் ஓர் அண்ணன்

மனிதர்களுக்கு மட்டுமா பிறந்த வீட்டுச் சீர்? எங்கள் திருச்சிப் பக்கம் வந்து பாருங்கள்.

சமயபுரம் மாரியம்மன், ஸ்ரீரங்கம் ரங்கநாதருக்குத் தங்கை என்பது இங்குள்ள நம்பிக்கை. தைப்பூசத்தை ஒட்டி அம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பாள். அப்போது ஸ்ரீரங்கம் கோயிலில் இருந்து பட்டும் மாலையும் மங்கலப் பொருட்களுமாகச் சீர்வரிசை வரும். தட்டுகளைத் தலையில் சுமந்தபடி வருவார்கள். கரையில் கூடியிருக்கும் பெண்களைப் பார்க்க வேண்டுமே! அம்மனுக்கு வந்த சீரைத் தங்களுக்கே வந்ததாக நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

உலகத்துக்கே படியளக்கும் அம்மனுக்கு ஒரு பட்டுப் புடவைக்கா குறை? அண்ணன் கொடுக்க வேண்டும். தங்கை அதை வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுப்பது எப்படி ஒரு தர்மமோ, அதேபோல் மனம் கோணாமல் வாங்கிக்கொள்வதும் ஒரு தர்மம். இதை எனக்குப் புரியவைக்க அந்த அம்மன் வெகுகாலம் காத்திருந்தாள்.

திருப்பி அனுப்பிய மணியார்டர்

எனக்கு ஒரே ஓர் அண்ணா. கல்யாணமாகி நான் வந்த 1972-ல் இருந்து, ஒரு கனுகூடச் சீர் வராமல் போனதில்லை. முதலில் அப்பா அனுப்பினார். அவருக்குப் பிறகு அண்ணா. பதினொரு ரூபாயில் ஆரம்பித்தது. போகியன்றே போஸ்ட்மேன் வந்து நிற்பார். மணியார்டர் பாரத்தின் அடியில், சின்னக் கட்டத்துக்குள் அண்ணாவின் கோழிக் கிறுக்கல் எழுத்து: 'கனுச் சீர். ஆசிகள்.' அவ்வளவுதான். அதற்கு மேல் எழுதத் தெரியாத மனுஷர்.

1998-ல் எங்கள் கிராமத்து வீட்டை விற்றார்கள். அப்பா கட்டிய வீடு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பணத்தில் பங்கு வரவில்லை என்பதைவிட, நான் பிறந்த வீட்டை விற்கும் சேதியை மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்துகொண்டேனே, அதுதான் நெஞ்சைச் சுட்டது. 1999 பொங்கலுக்கு, வழக்கம்போல் 51 ரூபாய் வந்தது. 'வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்கோ' என்றேன். போஸ்ட்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'அம்மா, கனுப் பணமாச்சே...' என்று தயங்கினார். நான் உள்ளே போய்விட்டேன்.

அந்த வருஷமும் கனுப்பிடி வைத்தேன். கை பாட்டுக்குப் பிடி பிடித்தது. வாய் பாட்டுக்கு 'கூடப் பிறந்தவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்' என்றது. மனசு மட்டும் வீட்டுக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. சொல்லுங்கள், அதை வழிபாடு என்று சொல்ல முடியுமா?

அடுத்த வருஷம் மறுபடியும் மணியார்டர் வந்தது. இந்த முறை 102 ரூபாய்! சீர் என்றாலும் மொய் என்றாலும் ஒன்றில் முடிவதுதானே வழக்கம்? யாராவது 102 அனுப்புவார்களா? 'கணக்குக்கூடத் தெரியவில்லை' என்று முணுமுணுத்தேன். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். கோபம் மெள்ள மெள்ள ஆறியது. விசேஷங்களில் சந்தித்துக்கொண்டோம், பேசினோம். ஆனால் அந்த மணியார்டரைப் பற்றி மட்டும் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 'ஒரு நாள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்' என்று நினைத்துக்கொண்டே இருபத்தைந்து வருஷத்தைக் கழித்துவிட்டேன்.

கடந்த தைக்கு முந்தைய ஆடியில் அண்ணா போய்விட்டார்.

யாருக்காக வைப்பது?

பங்காளிகளுக்கு ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கோ மூன்று நாளோடு தீட்டுப் போய்விடும். ஆகவே கடந்த தையில் நான் கனு வைக்க சாஸ்திரம் தடை சொல்லவில்லை. மனசுதான் தடை சொன்னது. கூடப் பிறந்தவரே இல்லை, இனி யாருக்காகப் பிடி வைப்பது?

இன்னொன்றும் இருந்தது. கணவர் போன பிறகு, கனுவன்று மஞ்சள் இடும் நேரத்தில் நான் சமையற்கட்டுக்குள் போய்விடுவேன். யாரும் போகச் சொன்னதில்லை, நானாகவே ஒதுங்கிக்கொள்வேன். கடந்த தையிலும் அப்படித்தான் ஒதுங்கினேன். மருமகள் மஞ்சளையும் கல்லையும் எடுத்துக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள்!

'அம்மா, இந்த வீட்டுல பெரியவா நீங்கதான். நீங்க இட்டுவிடாம நான் வேற யார்கிட்டப் போறது?'

எனக்குக் கை எழவில்லை. அப்போது நினைவில் வந்தவள் குந்தி தேவி. பாண்டு மறைந்த பிறகு, ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவள். கிருஷ்ண பரமாத்மா தூது செல்ல அஸ்தினாபுரம் வந்தபோது, விதுரர் வீட்டில் இருந்த அவளைத் தேடிப் போனார். ஏன் தெரியுமா? அவள் அவருடைய அத்தை! வசுதேவரின் சகோதரி! பகவானே தேடி வந்து வணங்கிய அந்தத் தாய், கணவரை இழந்தவள்தான். அவள் ஆசியைப் பெற அது தடையாக இருக்கவில்லை. தைத்திரீய உபநிஷதம், தெய்வமாக மதிக்க வேண்டியவர்களில் தாயைத்தான் முதலில் சொல்கிறது. அதில் 'இப்படிப்பட்ட தாய், அப்படிப்பட்ட தாய்' என்ற பிரிவே இல்லையே!

மஞ்சளை இழைத்தேன். மருமகளின் நெற்றியில் இட்டேன். அவள் குனிந்து நமஸ்காரம் செய்தபோது, இத்தனை வருஷம் நானே போட்டுக்கொண்ட ஒரு தாழ்ப்பாள் திறந்த மாதிரி இருந்தது. வீட்டில் அப்படி ஒதுங்கி நிற்கும் அம்மாவோ அத்தையோ பாட்டியோ இருந்தால், இந்தப் பொங்கலுக்கு மஞ்சளோடு அவர்களிடம் போங்கள். அவர்களாக வர மாட்டார்கள். நீங்கள்தான் போக வேண்டும்.

பிறகு மாடிக்குப் போனோம். என் ஒன்பது வயதுப் பேத்தி கையைப் பிடித்துப் படியேற்றினாள்.

'பாட்டி, உங்க அண்ணாவுக்காக நீங்க வைக்கலையா?'

'அவர்தான் சாமிகிட்டப் போயிட்டாரேடா கண்ணு...'

'நீங்கதானே சொன்னீங்க, போனவா எல்லாம் காக்காவா வருவான்னு? அப்போ அவரே வந்து சாப்பிடுவாரே!'

எழுபது வருஷமாக வைத்த பிடிக்கு, ஒன்பது வயசு அர்த்தம் சொல்லிவிட்டது. உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குகிறது. பிடி உருண்டு ஓடுகிறது. பேத்தி தன் கையை என் கைக்கு அடியில் கொடுத்தாள். இரண்டு கையுமாகச் சேர்ந்து ஏழு பிடி வைத்தோம். மனசுக்குள் எந்தக் கணக்கும் இல்லாமல் நான் வைத்த முதல் கனு அதுதான் என்று நினைக்கிறேன்.

போன வருஷத்துப் பாக்கி

காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணாவின் பிள்ளை! கையில் கரும்பும், மஞ்சள் கொத்தும், ஒரு பையும்.

'என்னடா இது? உங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை கிடையாதே!' என்றேன்.

'எங்களுக்குத்தான் கிடையாது அத்தை. உங்களுக்கு உண்டே! அப்பா இருந்தா இன்னிக்குச் சும்மா இருந்திருப்பாரா?'

பையில் ஒரு புடவை, 501 ரூபாய், கூடவே அண்ணாவின் பழைய கணக்கு நோட்டு. 'அலமாரியை ஒழிச்சப்போ கிடைச்சுது. உங்க பேர் நிறைய இருந்தது. அதான் கொண்டு வந்தேன்' என்றான்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினேன். பால் கணக்கு, மளிகைக் கணக்குக்கு நடுவே, வருஷா வருஷம் ஒரு வரி. 1999 ஜனவரியில்: 'கனு. தங்கைக்கு ரூ.51. திரும்பி வந்தது.' 2000 ஜனவரியில்: 'கனு. ரூ.51. போன வருஷத்துப் பாக்கி ரூ.51. ஆக ரூ.102.'

நெஞ்சங்களே, அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. திருப்பி அனுப்பியவள் நான். அண்ணா அதை அவமானம் என்று எழுதவில்லை; கோபம் என்று எழுதவில்லை. தான் கொடுக்க வேண்டிய 'பாக்கி' என்று எழுதிவைத்திருக்கிறார்! நான் 'கணக்குத் தெரியாதவர்' என்று முணுமுணுத்தேனே, உண்மையில் கணக்குத் தெரியாதவள் நான்தான்.

வீட்டை விற்றதற்கு என்ன காரணம் என்பதையும் மருமான் அன்றைக்குத்தான் சொன்னான். மன்னியின் வைத்தியத்துக்காம். தங்கையிடம் கேட்டால் நகையைக் கழற்றிக் கொடுத்துவிடுவாள் என்று பயந்து சொல்லாமல் இருந்தாராம். ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை நானும் கேட்டிருக்கலாம்.

மருமான் கிளம்பியபோது வாசலில் நின்று பார்த்தேன். தெருக்கோடியில் மலைக்கோட்டை தெரிந்தது. அங்கே எழுந்தருளியிருக்கும் தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ரத்னாவதி என்ற கர்ப்பிணி பிரசவத்துக்குத் தாய் வருவாள் என்று காத்திருந்தாள். காவிரியில் வெள்ளம்; தாயால் கரை கடக்க முடியவில்லை. வலி கண்டு அவள் துடித்தபோது, சிவபெருமானே தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வந்து நின்ற பிறகுதான் வந்தவர் யார் என்று புரிந்தது. இன்றைக்கும் சுகப்பிரசவம் வேண்டி, அந்தச் சந்நிதியில் வாழைத்தார் சமர்ப்பிக்கிறார்கள்.

வர வேண்டியவர் வர முடியாமல் போகும்போது, இறைவன் இன்னொருவர் உருவில் வந்து நிற்பான். அன்றைக்கு என் வாசலில் வந்தது மருமானா? அண்ணாவா? தாயுமானவரா? நீங்களே சொல்லுங்கள்.

கீழ்நோக்கி ஓடும் காவிரி

மனிதன் பிறக்கும்போதே தேவ கடன், ரிஷி கடன், பித்ரு கடன் என்ற மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்பார்கள். இதில் பித்ரு கடனைத் தீர்க்கத் தர்ப்பணம், சிராத்தம் மட்டும் போதாது. நல்ல சந்ததியை வளர்க்க வேண்டும் என்கிறது சாஸ்திரம். ஏன்? பெற்றவர்களிடம் வாங்கியதை அவர்களிடமே முழுக்கத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துத்தான் தீர்க்க முடியும். குடகில் பிறக்கும் காவிரி என்றைக்காவது திரும்பிக் குடகுக்கு ஓடியிருக்கிறதா? கீழே ஓடி ஓடி வயலை நனைக்கிறதே, அதுதான் அவள் தன் பிறந்த மண்ணுக்குச் செய்யும் நன்றி.

வயசானால் எல்லாம் குறையும் என்கிறார்கள். உண்மைதான். முழங்கால் மடங்கவில்லை, காது மந்தம், பெயர் மறந்துபோகிறது. எனக்கு மேலே ஆசீர்வதிக்கப் பெரியவர்கள் யாருமில்லை. முதலில் இதை நினைத்து அழுதேன். பிறகுதான் புரிந்தது: ஆசி வாங்கும் இடத்திலிருந்து, ஆசி கொடுக்கும் இடத்துக்கு அம்பாள் என்னை நகர்த்தியிருக்கிறாள். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு பழைய குறைகளைப் பேரன் பேத்தியிடம் சொல்லிப் புலம்பினால், கையில் இருக்கும் மஞ்சளை வீணாக்கியவள் ஆவேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உதவ வரும் கையை 'வேண்டாம்' என்று தள்ளாதீர்கள். சின்னக் கையைப் பிடித்துக்கொள்வதும் நன்றிதான்.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் சகோதரரோ சகோதரியோ திருப்பி அனுப்பியது ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? பேசாமல் நின்றுபோன பேச்சு, எடுக்காத போன், போகாத கல்யாணம்... எதுவானாலும் சரி. யார் பக்கம் நியாயம் என்று பார்க்காதீர்கள். அதை 'போன வருஷத்துப் பாக்கி' என்று எழுதிக்கொண்டு, இந்தத் தையில் சேர்த்து அனுப்பிவிடுங்கள். எதிரில் ஆள் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். நான் கேட்க வேண்டிய மன்னிப்பை இப்போது காக்கையிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வரும் கனுவன்று விடியற்காலையில் எழுந்திருங்கள். வழக்கம் இருந்தால் முறைப்படிச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு கைப்பிடிச் சாதத்தையாவது காக்கைக்கு வையுங்கள். வைக்கும்போது கூடப் பிறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இருப்பவர் பெயரையும், இல்லாதவர் பெயரையும்.

கொள்ளிடக் கரையில் சீர் வாங்கும் சமயபுரத்தாளும், சீர் அனுப்பும் அரங்கனும், தாயாகி வந்த தாயுமானவரும் உங்கள் குடும்பங்களைக் கலையாமல் காக்கட்டும். பால் பொங்குவதுபோல் உங்கள் வீட்டில் பாசம் பொங்கட்டும்!